127 பல்

எங்கள் பட்டறை லேத்தின் கியர் மூடியைத் திறந்தால் உள்பக்கம் சாக்பீஸில் ஓர் எண் எழுதியிருக்கும்: 25.4. ஆயுதபூஜைக்கு லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து விபூதிப் பட்டை இடும்போது அது அழிந்துவிடும். பூஜை முடிந்து பட்டறை திறக்கும் நாளில் மேஸ்திரி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்கு முன்னாலேயே அதை மறுபடி எழுதுவார். நான் அங்கே வேலை பார்த்த பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் மறந்ததில்லை. அவரை அப்படி எழுத வைத்தவன் நான்தான்.

1975-இல் ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பை முடித்துவிட்டு, கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு என்று அந்தப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் லேத் ஓடும் சத்தம் கேட்கும். பம்பு செட்டுக்கு ஷாஃப்ட், மில்லுக்கு ஸ்பேர், கிரைண்டருக்குப் புஷ் என்று விடிந்ததிலிருந்து வேலை இருக்கும். எங்கள் பட்டறையில் மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஷேப்பர். மூன்று லேத்தும் இஞ்ச் லேத். மரை போடும்போது டூலை இழுத்துப்போகும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு நாலு மரை. கைப்பிடி டயலில் ஒரு கோடு நகர்த்தினால் ஒரு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நான் படித்து வந்ததோ மில்லிமீட்டர். டிராயிங் மில்லிமீட்டர், வெர்னியர் மில்லிமீட்டர், பரீட்சை மில்லிமீட்டர். மேஸ்திரி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு மில் பட்டறையில் தொழில் கற்றவர். பதினாறில் ஒன்று என்றால் அறுபத்திரண்டரை தௌ, முப்பத்திரண்டில் ஒன்று என்றால் முப்பத்தொன்றேகால் தௌ என்று அறுபத்து நாலு பின்னங்களும் அவருக்கு வாய்ப்பாடு. டிராயிங்கில் 28.575 என்று போட்டிருந்தால் ஒரு நொடி கண்ணை மூடுவார். "ஒண்ணே அரைக்கால் இஞ்ச்" என்பார். அதிசயமாக இருக்கும்.

சேர்ந்து மூன்றாவது மாதம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பழைய சீமைப் பம்பு ஒன்றின் ஷாஃப்டை மாட்டு வண்டியில் போட்டு எடுத்து வந்தார். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பருத்தி வாடுகிறது, சாயந்திரத்துக்குள் வேண்டும் என்றார். மேஸ்திரி வேறு வேலையில் இருந்தார். பழைய ஷாஃப்டை என்னிடம் கொடுத்து, "பேரிங் எடம் ஒரு இஞ்ச். புதுசா ஒண்ணு கடைஞ்சிரு கண்ணு" என்றார். நான் கம்பியை மாட்டி, கையிலிருந்த மில்லிமீட்டர் வெர்னியரை வைத்து, 25 மில்லிக்குக் கடைந்தேன். ஒரு இஞ்சுக்கு இருபத்தைந்து மில்லி என்று கடைவீதியில் எல்லாரும் சொல்வதுதான் என் மனதில் இருந்தது. வெர்னியரில் ஒரு கோடுகூடப் பிசகாமல், கண்ணாடி மாதிரி வழவழப்பாகக் கடைந்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்தப் பம்பு பேரிங் சீமை அளவு. உள்துளை ஒரு அங்குலம், வெளிவட்டம் இரண்டேகால் அங்குலம். மேஸ்திரி பேரிங்கை ஷாஃப்டில் நுழைத்தார். தட்டி ஏற்ற வேண்டிய பேரிங் தானாக வழுக்கிப் போய் உட்கார்ந்து, லொடலொடவென்று ஆடியது. 0.4 மில்லி குறைந்திருந்தது. சட்டைப் பித்தானுக்கு அது ஒன்றுமில்லை. பேரிங்குக்கோ நூறில் ஒன்றிரண்டு மில்லிதான் கணக்கு. அதற்கு மேல் தளர்ந்தால் உள்வளையம் ஷாஃப்டின் மேலேயே சுற்றி இரண்டையும் தின்றுவிடும்.

அவர் திட்டவில்லை. விவசாயியிடம் போய், "தப்பு எங்க மேலதானுங்க, நாளைக்குக் காலைல வாங்கிட்டுப் போங்க" என்றார். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார். பாழான கம்பிக்கான காசை முதலாளியிடம் மேஸ்திரியே கொடுத்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரவு எட்டு மணிக்கு என்னையே மறுபடி கடையச் சொல்லி, முடியும்வரை பக்கத்தில் நின்றார். அப்புறம் கியர் மூடியைத் திறந்து அந்த எண்ணை எழுதினார்.

"இருபத்தஞ்சு கடைக்காரனுக்கு. நமக்கு இருபத்தஞ்சு புள்ளி நாலு. அந்த நாலு எங்க போச்சுன்னு தெரியாம கையை வைக்காத சாமி."

அந்த ராத்திரி பீளமேட்டு ரோட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மிதிக்கத் தோன்றவில்லை. ஒரு நாள் பருத்திக்குத் தண்ணீர் இல்லாமல் போனது என் 0.4-ஆல்.

என் அப்பா தச்சர். அவருடைய உலகத்தில் மில்லிமீட்டரே கிடையாது. "ரெண்டடி மூணங்குலம் அஞ்சு நூல்" என்றுதான் அளவு சொல்வார். எட்டு நூல் ஒரு அங்குலம். மெல்லிய வேலைக்கு அரை நூலும் உண்டு. இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் தையல் நூலை நினைக்கிறார்கள். தச்சருக்கும் கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் நூல் என்பது ஓர் அளவு. அவருடைய டேப்பில் ஒரு ஓரம் அங்குலமும் மறு ஓரம் சென்டிமீட்டரும் இருந்தன. சென்டிமீட்டர் ஓரம் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும், அங்குல ஓரத்தில் எண்கள் தேய்ந்து போயிருக்கும்.

உண்மையில் முக்கியமான வேலைக்கு அவர் டேப்பையே நம்ப மாட்டார். கதவு நிலவு வைக்கும் சுவரில் ஒரு ரீப்பர் துண்டைப் பிடித்து, பென்சிலால் கோடு கிழித்து, அந்தத் துண்டையே பட்டறைக்கு எடுத்து வந்துவிடுவார். நிலவின் உயரம் எத்தனை அடி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ரீப்பருக்குத் தெரியும். எண்ணாக மாற்றாத அளவில் மாற்றும் பிழை வராது. இதை நான் புரிந்துகொள்ளப் பல வருஷம் ஆனது.

நாடே அளவுகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, 1957-இல், பிறந்தவன் நான். அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நயா பைசா வந்தது. அம்மா என் வயதைக் கணக்குப் பார்ப்பதே அதை வைத்துத்தான். ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா வரவேண்டும். கால் பைசா நாணயம் இல்லாததால் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். ஒவ்வோர் அணாவாகச் சில்லறை மாற்றியவர்களுக்குக் கால் கால் பைசாவாகப் போனது. அம்மா இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். எடைக்கும் நீளத்துக்கும் 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகச் சேரும் பலமும் கெஜமும் அடியும் கிலோவுக்கும் மீட்டருக்கும் வழிவிட்டன. கடைத் தராசில் எடைக்கற்கள் மாறின. துணிக்கடையில் கெஜக்கோல் போய் மீட்டர் கோல் வந்தது. இருந்தும் என் மாமியார் கடைசிவரை ஒன்பது கெஜச் சேலைதான் கேட்டார். கடைக்காரர் எட்டேகால் மீட்டர் அளந்து கொடுப்பார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்பது கெஜம் 8.23 மீட்டர், மிச்சம் இரண்டு சென்டிமீட்டர் மடிப்பில் போய்விடும்.

சேலையில் மடிப்பு இருக்கிறது. ஷாஃப்டில் மடிப்பு இல்லை. அங்குலத்தை மீட்டராக்கும் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான், 0.0254-ஆல் பெருக்கினால் போதும். தசமத்துக்கு அப்புறம் எத்தனை இலக்கத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் கணக்குப் புத்தகம் சொல்லாது. அதை வேலைதான் சொல்லும்.

இதை நான் கற்றது 1979-இல், ஒரு லீட் ஸ்க்ரூவில்.

எங்கள் லேத்தில் மெட்ரிக் மரை போட வேண்டுமானால் ஒரு சிக்கல் உண்டு. லேத்தின் சொந்த லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நாலு மரை. அதாவது மரைக்கு மரை 6.35 மில்லி. அதிலிருந்து 6 மில்லி மரையோ 2 மில்லி மரையோ வரவைக்க வேண்டுமென்றால் கியர் விகிதத்தில் 25.4 எங்காவது நுழைந்தாக வேண்டும். கியருக்குப் புள்ளி நாலு பல் வெட்ட முடியாது. 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அதுதான் அந்தக் கணக்கு முழு எண்ணாக வரும் மிகச் சிறிய இடம். 127-ஐ வேறெந்த எண்ணாலும் வகுக்க முடியாது, பகா எண். அதனால் அதைச் சுருக்கிச் சின்னக் கியராக்கவும் வழியில்லை. அங்குலத்தையும் மீட்டரையும் ஒரு லேத்துக்குள் சரியாகச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் 127 பல்லுள்ள கியர் ஒன்று வேண்டும். எங்கள் லேத்துகள் பழையதாக வாங்கியவை. மற்ற சேஞ்ச் கியரெல்லாம் வந்தது. 127 வரவில்லை.

அது இல்லாதவர்கள் 63 பல் கியரை வைத்து ஓட்டுவார்கள். 2 மில்லி மரைக்கு 40-ஐயும் 127-ஐயும் மாட்ட வேண்டிய இடத்தில் 63, 100, 40, 80 என்று நாலு கியரைக் கோத்தால் விகிதம் 0.315 வரும். சரியான விகிதம் 0.31496. மீட்டருக்கு எட்டில் ஒரு மில்லி பிசகும். போல்ட்டில் நட்டு ஏறி நிற்கும் நீளம் ஒரு அங்குலம்கூட வராது. அந்த நீளத்தில் பிசகு மூன்று மைக்ரான்தான். நட்டு சிக்காமல் ஏறும். நாங்கள் நூற்றுக்கணக்கில் அப்படிப் போட்டிருக்கிறோம். அதில் எந்தத் தப்பும் இல்லை.

அந்த வருஷம் புதிதாக லேத் செய்து விற்கத் தொடங்கியிருந்த ஒருவர், தன் லேத்துக்கு லீட் ஸ்க்ரூ கேட்டு வந்தார். 30 மில்லி கம்பி, 6 மில்லி மரை, ஒரு மீட்டர் நீளம். நல்ல கூலி. முதலாளி உடனே ஒப்புக்கொண்டார். மேஸ்திரி கியர்ப் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் டைம் வேண்டும் என்றார்.

"எதுக்கு மேஸ்திரி? அறுபத்து மூணு இருக்குதில்ல, ஓட்டிருங்க."

"போல்ட்டுன்னா ஓட்டிரலாமுங்க. இது லீட் ஸ்க்ரூ. இதுல இன்னொருத்தன் வேலை ஓடப்போகுது."

முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த ஸ்க்ரூவில் எட்டில் ஒரு மில்லி பிசகினால் அது அந்த லேத்தில் போடும் ஒவ்வொரு மரையிலும் இறங்கும். வருஷக்கணக்காக, யாரென்று நமக்குத் தெரியாத டர்னர்கள் அந்த லேத்தில் நிற்பார்கள். தங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பட்டறையில் செய்யும் மற்ற எந்தப் பொருளின் பிழையும் அந்தப் பொருளோடு முடியும். லீட் ஸ்க்ரூவின் பிழை பெருகும்.

127 பல் கியர் வெட்டுவதும் லேசான காரியமில்லை. மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட்டின் தட்டில் வட்ட வட்டமாகத் துளைகள் இருக்கும். அதை எண்ணி எண்ணித் திருப்பித்தான் பல் வெட்டுவார்கள். பகா எண்ணான 127-க்கு அதில் துளை வரிசை கிடையாது. கணபதியில் கியர் வெட்டும் ஒரு பெரியவரிடம் மேஸ்திரி என்னைக் கூட்டிப் போனார். அவர் 120 பல்லுக்கு வெட்டுவது போலக் கைப்பிடியை மூன்றில் ஒரு சுற்று திருப்புவதற்கு வைத்துக்கொண்டு, பின்னால் 56, 24 பல் கியர்களை மாட்டினார். கைப்பிடியைத் திருப்பும்போதே அந்தத் தட்டும் தானாகக் கொஞ்சம் நகரும். அந்த நகர்வுதான் 120-ஐ 127 ஆக்குகிறது. கடைசிப் பல் வெட்டி முடிந்து முதல் பல்லோடு சேர்ந்தபோது நடுவில் மயிரிழைகூட மிச்சமில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழவில்லை. விழுந்திருக்கலாம்.

அப்புறம் எங்கள் லேத்தில் 120-ஐ மேலேயும் 127-ஐக் கீழேயும் மாட்டி, நடுவில் ஓர் இடைக்கியர் வைத்து ஓட்டினோம். இஞ்ச் லேத்தில் மெட்ரிக் மரை போடும்போது, லீட் ஸ்க்ரூவைக் கவ்வியிருக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. திறந்தால் திரும்ப அதே மரையில் விழாது, வேலை பாழ். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்பக்கம் ஓடவிட்டு, ஒரு மீட்டரும் திரும்பி வரும்வரை நிற்க வேண்டும். பிறகு சில தௌ இறக்கி மறுபடி. இரண்டு நாள் நின்றேன். ஹாஃப் நட் கைப்பிடியில் தவறியும் கை பட்டுவிடக் கூடாதென்று அதை மேஸ்திரி சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். கடைசி வெட்டை அன்று ஓட்டவில்லை. வேலை செய்யும்போது கம்பி சூடாகி நீண்டிருக்கும், ராத்திரி ஆறட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து, கை வைத்துப் பார்த்து, அப்புறம்தான் முடித்தோம்.

முடிந்ததும் அந்த ஸ்க்ரூவை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, கயிறு கட்டி மேலிருந்து தொங்கவிட்டார். படுக்க வைத்தால் வளையும்.

அந்த 25.4 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்து அங்குலமும் அமெரிக்க அங்குலமும் முன்பு ஒன்றாக இருந்ததில்லை. இங்கிலாந்தின் அங்குலம் 25.4 மில்லிக்கு ஒரு துளி குறைவு, 25.399977. அமெரிக்க அங்குலம் ஒரு துளி கூடுதல், 25.4000508. ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் என்பவர்தான் இன்று அளவு சரிபார்க்கப் பட்டறைகளில் வைத்திருக்கும் ஸ்லிப் கேஜ்களை உருவாக்கியவர். அங்குல நாடுகளுக்கும் கேஜ் செய்ய வேண்டிவந்தபோது, 1912 வாக்கில், அவர் இரண்டுக்கும் நடுவே நின்று, 20 டிகிரி வெப்பத்தில் 25.4 என்று வைத்துச் செய்தார். தொழிற்சாலைகள் அவருடைய கேஜை வைத்துத்தான் அளந்தன. அதனால் அவர் வைத்த எண்ணே நடைமுறை ஆனது. இங்கிலாந்துத் தொழில்துறை 1930-இலும் அமெரிக்கத் தொழில்துறை 1933-இலும் அதை ஏற்றன. 1959 ஜூலை 1 முதல் ஆறு ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒரு கெஜம் என்பது 0.9144 மீட்டர் என்று ஒப்புக்கொண்டபோது, அங்குலம் மிச்சமில்லாமல் 25.4 ஆனது. ஒரு பட்டறைத் தொழிலாளி எடுத்த முடிவுக்கு அரசாங்கங்கள் நாற்பத்தேழு வருஷம் கழித்து வந்து சேர்ந்தன. இதைப் படித்த அன்று மேஸ்திரியிடம் சொல்ல ஓடினேன். "அப்பிடியா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆள் கையில என்னென்ன வெச்சிருந்திருப்பான்" என்றார். அவருக்கு அந்த மனிதனின் கருவிகள் மேல்தான் ஆசை.

அந்த 25.4 இல்லாமல் போயிருந்தால், 127 பல் கியரும் சரியானதாக இருந்திருக்காது. ஏதோ ஒரு புள்ளி எண்ணை ஒட்டிப்போகும் இன்னொரு 63 ஆகத்தான் இருந்திருக்கும்.

1986-இல் ஊரில் வீடு கட்டினோம். அப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. தினமும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கொத்தனார் முக்கால் ஜல்லி என்பார், சீட்டில் 20 எம்.எம். என்று வரும். ஒன்றரை ஜல்லிக்கு 40 எம்.எம். அரை இஞ்ச் பைப் சொன்னால் 15 எம்.எம். வரும். அந்த அரை இஞ்ச் பைப்பின் மரையை நீங்கள் அளந்து பார்த்தால் வெளிவிட்டம் 21 மில்லிக்குப் பக்கம் இருக்கும். அதில் அரை அங்குலமான இடமே கிடையாது, அது பெயர் மட்டும்தான். அதையெல்லாம் மாற்றிக் கணக்குப் போடுவது வீண் வேலை. ஜல்லிக்கும் பெயர்தான். சல்லடையில் விழுகிற கல்லுக்கு ஒரு மில்லி கூடினாலும் குறைந்தாலும் கான்கிரீட்டுக்குத் தெரியாது.

கம்பி அப்படியல்ல. கம்பி கட்டுபவர், பெரிய உத்தரத்துக்கு நாலு நூல் கம்பி ஒன்பது என்று பழைய வழக்கப்படி சொன்னார். நாலு நூல் என்றால் அரை அங்குலம், 12.7 மில்லி. கடையில் இருப்பது 12 மில்லி. மூணு நூல் கம்பிக்கு 10 மில்லி கொடுப்பார்கள், அது 9.525-ஐவிடத் தடிமன், நமக்கு லாபம். நாலு நூலில் 0.7 குறைகிறது. கம்பியின் பலம் விட்டத்தில் இல்லை, குறுக்கு வெட்டில் இருக்கிறது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கிப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு போய்விடுகிறது. அரை அங்குலக் கம்பி மீட்டருக்கு ஒரு கிலோவுக்குப் பக்கம், 12 மில்லி 0.888 கிலோதான். நான் இதைக் கரித்துண்டால் செங்கல் மேல் எழுதிக் காட்டினேன். கம்பி கட்டுபவர், "காலங்காலமா இப்படித்தானுங்க போடறோம்" என்றார்.

அப்பா செங்கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு மில்லி தெரியாது.

"நூல்ல சொல்லு தம்பி. எவ்வளவு கொறையுது?"

"கால் நூலுக்குக் கொஞ்சம் கம்மிங்கப்பா."

"கால் நூலா?" அவர் எழுந்து நின்றுவிட்டார். கால் நூல் பிசகினால் கதவு சாத்தாது. அது அவருக்கு எண் இல்லை, கையில் உணரும் பொருள். "அப்ப இன்னொண்ணு சேத்துப் போடச் சொல்லு."

ஒன்பது போட வேண்டிய இடத்தில் பத்துக் கம்பி போட்டோம். அரை அங்குலத்தில் ஒன்பதும் 12 மில்லியில் பத்தும் ஏறக்குறைய ஒரே இரும்பு. கணக்குப் போட்டவன் நான். ஆனால் அந்தக் கணக்கை அப்பாவின் நூலுக்கு மாற்றிச் சொன்ன பிறகுதான் அது அந்த இடத்தில் உயிர் பெற்றது. யாருக்கு எந்த அளவு கையில் ஊறியிருக்கிறதோ அதில் சொன்னால்தான் பிழையின் கனம் அவர்களுக்குத் தெரியும். அப்பாவிடம் 0.7 என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அதே வீட்டு அலமாரிக்கு எட்டுக்கு நாலு பிளைவுட் வாங்கினோம். 2440-க்கு 1220 மில்லி என்று முத்திரை குத்தியிருந்தது. எட்டு அடி என்பது 2438.4 மில்லி. அதற்கு மேல் இருக்கும் 1.6 மில்லி, அப்பாவின் கணக்கில் ஏறக்குறைய அரை நூல். "ரம்பத்துக்கு விட்டிருக்காங்க" என்றார். அப்படி இல்லை, பூஜ்யத்தில் முடிய வேண்டும் என்று வைத்த எண் அது. இருந்தாலும் நான் மறுக்கவில்லை. ரம்பத்துக்கு அது உண்மையாகவே உதவியது.

நான் 1986 கடைசியில் அந்தப் பட்டறையை விட்டு வேறு இடத்துக்குப் போனேன். பிறகு கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் வந்தது. அதில் கியர் மாற்ற வேண்டியதில்லை. புரோகிராமின் தலையில் ஜி20 என்று அடித்தால் அங்குலம், ஜி21 என்று அடித்தால் மில்லிமீட்டர். ஒரே ஓர் இலக்கம். நாங்கள் ஒரு வாரம் காத்திருந்து வெட்டிய கியரின் வேலை அந்த ஓர் இலக்கத்துக்குள் இருக்கிறது. அதை மாற்றி அடித்ததால் டூல் சக்கில் மோதி உடைந்ததை என் கண்ணால் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பையன்கள் கெட்டிக்காரர்கள்தான். மெஷின் கேட்காத கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொள்ள யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கீழே வேலை கற்க வந்த ஒவ்வொருவரையும் மெஷின் கதவின் உள்பக்கம் 25.4 என்று எழுத வைத்தேன். மார்க்கர் பேனாவில் எழுதுவார்கள். அழியும்போது மறுபடி எழுதச் சொல்வேன்.

மேஸ்திரி காலமாகிவிட்டார். பட்டறை கைமாறி, இடித்து, இப்போது அந்த இடத்தில் குடியிருப்பு இருக்கிறது. லேத்துகளைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். மூன்று லேத்தும் போய்விட்டிருந்தன. கியர்ப் பெட்டி மட்டும் மூலையில் கிடந்தது. அந்த 127-ஐ எடைக் கணக்கில் காசு கொடுத்து வாங்கி வந்தேன். இப்போது அதை வைத்திருப்பது வீட்டில் அல்ல. சிங்காநல்லூரில் என் பழைய நண்பர் ஒருவர் இன்னமும் இஞ்ச் லேத் ஓட்டுகிறார். பழைய மில் இயந்திரங்களுக்கு ஸ்பேர் கேட்டு அவரிடம் இன்றும் வருகிறார்கள். அந்தக் கியரின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புஷ் போட்டு அவருடைய லேத்தில் மாட்டியிருக்கிறோம். நன்றாக ஓடுகிறது.

பழைய லேத்தை இரும்புக் கடைக்குப் போடும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கியர்ப் பெட்டியைத் திறந்து பல்லை எண்ணிப் பாருங்கள். 127 இருந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். பக்கத்துத் தெருவிலேயே அதற்கு ஓர் ஆள் காத்திருப்பார்.